மூடிய சாலை

பிரயாணம் போய்வந்தவர்கள் எழுதிய கட்டுரைகள் தமிழில் நிறையவே இருக்கின்றன. போகப்போகிறவன் எழுதியது மிகக் குறைவு. போய்வந்தவனிடம் இருப்பது மிச்சம். பார்த்ததில் மறந்ததைக் கழித்து, மறந்ததை ஈடுகட்டச் சேர்த்ததைக் கூட்டி, அவன் ஒரு தொகையை நமக்குக் கொடுக்கிறான். தேசப்படத்தையும் காலண்டரையும் விரித்து வைத்துக்கொண்டு, எந்த ஊரில் டீ, எந்த ஊரில் பெட்ரோல் என்று எழுதிக்கொண்டிருப்பவனிடம் மலை இன்னும் முழுசாக இருக்கிறது. அது அவன் பார்க்காத மலை என்பது வாஸ்தவம். ஆனால் பார்க்காத ஒன்றைப் பற்றி இவ்வளவு கறாராக யோசிக்க மனிதனுக்குக் கிடைக்கும் சந்தர்ப்பங்கள் அதிகம் இல்லை. பக்தி உண்டு, காதல் உண்டு. மூன்றாவதாகப் பிரயாணத் திட்டத்தைச் சொல்வேன்.

திருநின்றவூரில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்வதில் எனக்கு ஒரு அனுகூலம் இருக்கிறது. பூசலார் இந்த ஊர்க்காரர். சிவனுக்குக் கோயில் கட்ட ஆசைப்பட்டு, காசு கிடைக்காமல், மனசுக்குள்ளேயே கட்டி முடித்தவர். காஞ்சிபுரத்தில் கற்றளி எழுப்பிக்கொண்டிருந்த பல்லவ அரசனும் அவரும் குடமுழுக்குக்கு ஒரே நாளைக் குறித்துவிட, அரசன் கனவில் சிவன் வந்து, அன்றைக்கு நான் நின்றவூர் போகவேண்டியிருக்கிறது, உன் தேதியை மாற்றிக்கொள் என்கிறார். அரசன் இங்கே வந்து தேடினால் கோயில் எதுவும் இல்லை. இந்தக் கதையைப் பக்திப் பிரசங்கிகள் 'கற்பனையின் மகிமை' என்று சொல்லிக் கெடுத்துவிட்டார்கள். சேக்கிழாரைப் படித்தால் வேறு மாதிரி இருக்கிறது. பூசலார் மனசுக்குள்ளும் பொருள் சேர்க்கிறார், தச்சரைத் தேடுகிறார், நல்ல நாள் பார்த்து அடிநிலை போடுகிறார், ராத்திரியும் தூங்காமல் வேலை வாங்குகிறார். சிகரம் வைத்த பிறகு சுதை பூசுகிறார். கிணறு வெட்டுகிறார், மதில் எழுப்புகிறார், குளம் தோண்டுகிறார். ஒரு மேஸ்திரியின் வேலைப்பட்டியல் மாதிரி இருக்கிறது. சும்மா கனவு கண்டவனுக்காக சிவன் தேதியை மாற்றச் சொல்லியிருக்க மாட்டார் என்றுதான் எனக்குப் படுகிறது. கிணறு வெட்ட மறக்காதவனுக்காகச் சொன்னார். இப்போது ஊரில் இருதயாலீஸ்வரர் என்ற பெயரில் கல்லில் ஒரு கோயில் இருக்கிறது. நெஞ்சுவலிக்காரர்கள் வேண்டிக்கொள்ள வருகிறார்கள்.

எங்கள் மலைப்பயணம் மூன்று வருஷமாகக் கட்டப்பட்டு வருகிறது. நானும் ஒரு நண்பரும். அவருக்குக் காக்களூர் தொழிற்பேட்டையில் லேத் வேலை. அவரிடம் ஒரு பழைய கார் இருக்கிறது. அதன் கிளட்ச் பற்றி எங்களுக்குள் அபிப்பிராய பேதமும் இருக்கிறது. நெமிலிச்சேரியில் வெளிவட்டச் சாலையைப் பிடித்து வண்டலூர், பிறகு செங்கல்பட்டு, விழுப்புரம், திருச்சி, திண்டுக்கல், வத்தலக்குண்டு என்று போவது. வத்தலக்குண்டில் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம், அது என் பிடிவாதம். ராஜம் ஐயர், பி. எஸ். ராமையா, சி. சு. செல்லப்பா மூன்று பேரையும் ஒரு மலையடிவாரத்துச் சந்தை ஊர் கொடுத்திருக்கிறது. அதில் செல்லப்பா 1959 ஜனவரியில் 'எழுத்து' ஆரம்பித்து, புத்தக மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக நடந்தவர். அந்த ஊரில் பார்க்க என்ன இருக்கிறது என்று நண்பர் கேட்டார். ஒன்றும் இருக்காது, டீ குடிக்கலாம் என்றேன்.

வத்தலக்குண்டுக்கு அப்புறம்தான் திட்டம் திட்டமாகிறது. படத்தைப் பார்த்தால் ஒரு வளையம் போடத் தோன்றும். பெரியகுளம், தேனி, போடி. அங்கிருந்து போடிமெட்டு ஏறினால் கேரளம். பூப்பாறை, தேவிகுளம், மூணாறு. மூணாறிலிருந்து குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன். டாப் ஸ்டேஷனிலிருந்து மலையின் முதுகின்மேலேயே பேரிஜம் ஏரி, கொடைக்கானல். கொடைக்கானலிலிருந்து இறங்கினால் திரும்ப வத்தலக்குண்டு. அழகான வளையம். ஆனால் டாப் ஸ்டேஷனுக்கும் பேரிஜத்துக்கும் நடுவில் அது அறுந்திருக்கிறது. அங்கே சாலை உண்டு, போகத்தான் முடியாது. 1990 வாக்கில் பொதுப் போக்குவரத்துக்கு அதை மூடிவிட்டார்கள். கேரளப் பக்கத்துத் துண்டு 2003இல் பாம்பாடும் சோலை தேசியப் பூங்காவுக்குள் போய்விட்டது. தமிழ்நாட்டுப் பக்கம் வனத்துறையின் அனுமதிச் சீட்டோடு பேரிஜம் வரை போய்த் திரும்பலாம், அவ்வளவுதான். கொடைக்கானலிலிருந்து மூணாறுக்கு அந்த வழியில் போனால் தூரம் பாதி. இன்று கீழே இறங்கி, தேனி வெயிலில் வெந்து, மறுபடி ஏறவேண்டும். நண்பருக்கு இது சொந்த அவமானம் மாதிரி. படத்தில் அந்த இடத்தைப் பென்சிலால் பலதடவை இணைத்து, அழித்து, காகிதம் மெலிந்துபோயிருக்கிறது.

எந்த மாசம் போவது என்பது அடுத்த வழக்கு. வசந்தம் என்றார் அவர். யாருடைய வசந்தம் என்று கேட்டேன். நமது கணக்கில் இளவேனில் சித்திரையும் வைகாசியும். திருநின்றவூரில் சித்திரை எப்படியிருக்கும் என்பதை ரயில் நிலையத்தின் இரும்புப் பெஞ்சில் மத்தியானம் 2 மணிக்கு உட்கார்ந்து பார்த்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. மேலே போனால் குளிர்ச்சியாக இருக்கும் என்பது சரி. ஆனால் தொல்காப்பியர் இதில் நம்மைவிடக் கறாரானவர். குறிஞ்சிக்கு உரிய பெரும்பொழுது கூதிரும் முன்பனியும். வேனிலையும் பின்பனியையும் அவர் பாலைக்குக் கொடுத்துவிட்டார். வேனிலில் மலைக்குப் போகிறவன், இலக்கணப்படி, குறிஞ்சிக்குப் போகவில்லை. பாலைக்குப் போகிறான், புணர்ச்சியின் நிலத்திலிருந்து பிரிவின் நிலத்துக்கு. நான் இதைப் பண்டிதர்களின் சௌகரியத்துக்காகச் செய்த பாகுபாடு என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். திட்டம் போடத் தொடங்கிய பிறகு அது ஒரு வனக்காவலரின் குறிப்பு மாதிரி எனக்குப் படிக்கக் கிடைக்கிறது.

ஏனென்றால் மாசி, பங்குனியில் அந்த மலையின் போதைப்புல் காய்ந்து திரியாக நிற்கும். 2018 மார்ச் 11ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ வளைத்துக்கொண்டது. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்தும் போனவர்கள். 20 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். பெரும்பாலும் இளவயசு, நிறையப் பேர் பெண்கள். அவர்களும் ஒரு திட்டத்தோடுதான் போனார்கள். முதல் நாள் எங்கே தங்குவது, மறுநாள் எத்தனை மணிக்கு இறங்குவது என்று யாரோ எழுதி வைத்திருப்பார்கள். அந்தத் தாளை நான் பல தடவை மனசில் பார்த்திருக்கிறேன். தீக்காலத்தில் மலைப்பாதைகளில் ஆட்களை விடுவதில்லை என்பதை இப்போது வனத்துறை கண்டிப்பாகவே வைத்திருக்கிறது. இதே மாசங்களில் மூணாறுப் பக்கம் இரவிகுளம் பூங்காவையும் மூடிவிடுவார்கள், வரையாடு குட்டிபோடும் காலம் என்று. ஆக இந்த மலையின் வசந்தத்தில் ஒரு சரிவைத் தீக்காகவும் இன்னொரு சரிவைப் பிரசவத்துக்காகவும் அடைத்து வைத்திருக்கிறார்கள். சித்திரை பிறந்தால் ஆடுகளின் கதவு திறக்கும், ஆனால் கோடை விடுமுறைக் கூட்டம் வந்துவிடும். கொடைக்கானலுக்கு 2024 மே மாசத்திலிருந்து இ-பாஸ் வேண்டும், சென்னை உயர்நீதிமன்ற உத்தரவு. 2025இல் கோடை மாசங்களுக்கு வண்டிகளின் எண்ணிக்கைக்கே வரம்பு வைத்தார்கள்: வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000. நண்பர் இதற்கும் கோபப்பட்டார். நான் படவில்லை. எந்த மலைக்கும் எண்ணிக்கை உண்டு. சேக்கிழாரின் சிவனே ஒரு நாளில் ஒரு குடமுழுக்குக்குத்தான் போக ஒப்புக்கொண்டார்.

ஐரோப்பாவில் ஆல்ப்ஸின் எல்லைப்புறத்தை, ஆஸ்திரியாவும் இத்தாலியும் ஸ்விட்சர்லாந்தும் முட்டிக்கொள்ளும் மூலையை, வசந்தத்தில் காரில் சுற்ற நினைப்பவனுக்கும் ஏறக்குறைய இதே தலைவலிதான். ஏப்ரலில் பள்ளத்தாக்கில் ஆப்பிள் மரங்கள் பூத்துக்கிடக்கும். மேலே ஸ்டெல்வியோ கணவாய் பனியில் புதைந்திருக்கும். அநேகமாக மே கடைசியில்தான் திறப்பார்கள். 2,757 மீட்டர் உயரம். நமக்குத் தீ, அவர்களுக்குப் பனி. ஆனால் எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது வேறு. அந்தச் சாலை 1820களில் ஆஸ்திரியச் சக்ரவர்த்தி தன் ஆளுகையிலிருந்த லொம்பார்டியைத் தன் நாட்டோடு இணைக்கப் போட்டது. முதல் உலக யுத்தத்துக்குப் பிறகு, 1919 ஒப்பந்தத்தில், எல்லைக்கோடு வடக்கே நகர்ந்து, கணவாயின் இரண்டு பக்கமும் இத்தாலிக்குள் வந்துவிட்டது. சாலை அங்கேயே இருந்தது. சரிவில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஜெர்மன் பேசுகிற குடியானவன் அங்கேயே இருந்தான். அவன் காலுக்குக் கீழே தேசம் மாறியது. பிறகு முசோலினியின் ஆட்கள் அவன் ஊர்ப் பெயர்களையும் மாற்றினார்கள், அவன் பாஷையில் பள்ளிக்கூடம் கூடாது என்றார்கள். 1972இல் வந்த சுயாட்சிச் சட்டத்தில்தான் அவன் ஓரளவு மூச்சுவிட்டான். இன்று கார்க்காரர்கள் கொண்டைஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டு அந்தச் சரிவில் ஏறுகிறார்கள்.

நமது மூடிய சாலைக்கும் ஒரு யுத்தக்கதை உண்டு. 1942 ஏப்ரல் 5ஆம் தேதி ஜப்பானியர்கள் கொழும்பில் குண்டு போட்டார்கள், 6ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும், 9ஆம் தேதி திருகோணமலையில். அடுத்தது சென்னை என்று ஊரே காலியானது. ரயிலில் இடம் கிடைத்தவர்கள் ரயிலில், கிடைக்காதவர்கள் மாட்டு வண்டியில். அரசாங்க அலுவலகங்களை உள்மாவட்டங்களுக்கு மாற்றினார்கள். வெள்ளைக்காரர்கள் தங்களுக்கென்று ஒரு வழி வைத்திருந்ததாகச் சொல்கிறார்கள்: சென்னையிலிருந்து கொடைக்கானல், அங்கிருந்து மலைமுதுகிலேயே மூணாறு, இறங்கினால் கொச்சி, கொச்சியில் கப்பல். கர்னல் ஹாமில்டன் காலத்திலிருந்து இருந்த மலைத்தடத்தை அதற்காகத்தான் மோட்டார் போகும்படி ஆக்கினார்களாம். 'எஸ்கேப் ரோடு' என்ற பெயர் அப்படித்தான் நிலைத்தது. வந்தரவு பக்கத்தில் அது 8,000 அடிக்கு மேல் ஏறுகிறது. இமயத்துக்குத் தெற்கே இவ்வளவு உயரத்தில் போன மோட்டார்ச் சாலைகள் அபூர்வம்.

ஜப்பானியர்கள் இறங்கவில்லை. யாரும் தப்பி ஓடவேண்டியிருக்கவில்லை. ஆக நாங்கள் போக ஆசைப்படுகிற சாலையே ஒரு சித்திரையில் பயந்து போட்ட, நடக்காமல் போன, ஒரு கார்ப் பயணத்தின் திட்டம். இதைக் கண்டுகொண்ட அன்று எனக்கு ஒரு விநோதமான சந்தோஷம் ஏற்பட்டது. கல்லும் ஜல்லியும் போட்டு, மலையை அறுத்து, ஒரு பூசலார் கோயில். ஆனால் அந்தச் சந்தோஷத்தில் ஒரு மோசடி இருப்பதாகவும் சீக்கிரமே தோன்றியது. ஜல்லி தானாக மலை ஏறாது. 8,000 அடியில் நின்று உடைத்தவர்கள் யார், எங்கே படுத்தார்கள், என்ன கூலி என்பது பற்றி, சாலையைப் பற்றிப் படிக்கக் கிடைத்ததில் எதிலும் ஒரு வரி இல்லை. தப்பி ஓடும் திட்டத்தில் அவர்களுக்கு இடம் இருந்திருக்கவும் நியாயமில்லை.

நண்பர் மூன்று வருஷமாக இந்தப் பயணத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் மலையழகு இல்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அவருடைய அம்மா மூணாறுக்கு மேலே ஒரு எஸ்டேட் லயத்தில் பிறந்தவர். கல்யாணமாகிக் கீழே இறங்கி, கணவரின் ஃபாக்டரி வேலைக்காக ஆவடி, பிறகு திருநின்றவூர் என்று வந்து சேர்ந்தவர். எண்பது தாண்டிவிட்டது. ஞாபகம் தெளிவு, முழங்கால்தான் தகராறு. அவரிடம் நாங்கள் முதலில் படத்தைக் காட்டியபோது அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல ஏத்தம் எங்க தம்பி இருக்கு? எல்லாம் தட்டையால்ல போட்டிருக்கு" என்றார்.

அவருக்குத் தெரிந்த வழி சாலை வழி இல்லை. போடியிலிருந்து குரங்கணி, குரங்கணியிலிருந்து செங்குத்தாக டாப் ஸ்டேஷன். டாப் ஸ்டேஷன் என்ற பெயர் டூரிஸ்டுகளுக்கு 'உச்சி' என்று ஏதோ கவித்துவமாகக் கேட்கிறது. அது ஒரு சரக்கு நிலையத்தின் பெயர். மூணாறுத் தேயிலையை 1902இல் ஒற்றைத் தண்டவாளத்திலும், 1908இலிருந்து குறுகிய ரயில் பாதையிலும் அங்கே கொண்டுவந்து, கம்பிவடத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே கொட்டகுடிப் பக்கம் இறக்கி, மாட்டு வண்டியில் போடிக்குக் கொண்டுபோவார்கள். பிறகு தூத்துக்குடி, கப்பல், லண்டன். 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. "பெட்டியெல்லாம் கம்பியில போச்சாம், சனம் நடந்து போச்சாம். எங்கப்பா சொல்லுவாரு" என்றார் அந்த அம்மா. அவருடைய அப்பா பத்து வயசில், கங்காணி கொடுத்த முன்பணத்துக்காக, கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் கிராமம் ஒன்றிலிருந்து குடும்பத்தோடு அந்த ஏற்றத்தில் ஏறியவர். ஏறும்போது குளிரும் என்று யாரும் சொல்லவில்லையாம். கம்பளியை எஸ்டேட்டில் கொடுத்து அதற்கும் கணக்கு எழுதிக்கொண்டார்களாம்.

அவர்கள் ஏறியபோது அது திருவிதாங்கூர். பிறகு எல்லாம் மாறியது. தேவிகுளம், பீர்மேடு இரண்டு தாலுகாக்களிலும் தமிழர்கள்தான் அதிகம், அவற்றைத் தமிழ்நாட்டோடு சேர்க்கவேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1954 ஆகஸ்ட் 11ஆம் தேதி தெற்கே மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. 1956 நவம்பர் 1ஆம் தேதி கன்னியாகுமரிப் பக்கத்துத் தாலுகாக்கள் நான்கும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் தமிழ்நாட்டுக்கு வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. மொழிவாரி மாநிலம் என்ற கொள்கை கொழுந்து கிள்ளுகிறவர்களின் மொழியைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் வந்தேறிகள், நிலையான குடிகள் இல்லை என்று வாதம். நாற்பது வருஷம் ஒரே சரிவில் கொழுந்து எடுத்தவன் நிலையில்லாதவன். இரண்டு வருஷம் கழித்து, 1958இல், தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காக, பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன் இதே எஸ்டேட்களில் பாடித் திரிந்தார். மலையாள நாட்டுத் தேர்தலைத் தமிழ்ப் பாட்டால் நடத்தவேண்டியிருந்தது. எல்லை போட்டவர்கள் அந்த ஓட்டுப்பெட்டிகளின் பக்கத்தில் ஒரு சாயங்காலம் நின்றிருக்கலாம்.

கோடு போட்டதில் இன்னொரு வேடிக்கையும் நடந்திருக்கிறது. டாப் ஸ்டேஷன், தேனி மாவட்டம், கொட்டகுடி ஊராட்சி. கொழுக்குமலையும் தேனி மாவட்டம்தான். ஆனால் வண்டியில் போகவேண்டுமென்றால் ஒன்றுக்கு மூணாறு வழியாகவும் மற்றதற்குச் சூரியநெல்லி வழியாகவும் கேரளத்துக்குள் சுற்றித்தான் போகமுடியும். தமிழர்கள் வேலை செய்கிற மலை கேரளத்திலும், தமிழ்நாட்டு மலைக்குப் போகிற சாலை கேரளத்திலும். கால்நடையாகப் போகிறவனுக்கு மட்டும் அது ஒரே மலை.

நமது புதுக்கவிதையில் மலை வந்தால் அது பெரும்பாலும் மௌனமாக இருக்கும். மஞ்சு மூடியிருக்கும். கவிஞர் அதன் முன்னால் தன் சிறுமையை உணர்வார். நானும் அப்படி ஒன்றிரண்டு எழுதியிருக்கிறேன், பிரசுரமாயின. ஆனால் தமிழ் எழுத்தில் தேயிலை வந்த இடங்களில் மௌனம் இல்லை. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' 1930களிலேயே இலங்கைத் தோட்டத்துக்குப் போய்விட்டது. ஆனைமலைத் தோட்டங்களைப் பற்றி டாக்டர் பி. எச். டேனியல் 1969இல் இங்கிலீஷில் எழுதிய 'ரெட் டீ'யை இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கினார். டேனியல் எழுதியது நாவலாகத் தேறுமா என்று நம் விமர்சகர்களுக்குச் சந்தேகம் வரலாம், வரட்டும். எஸ்டேட் டாக்டராக இருந்து பார்த்தவர் எழுதியது. அதைப் படித்தபிறகு 'மஞ்சு' என்ற சொல்லைக் கொஞ்ச நாளைக்குத் தொடமுடியாது. பனிக்குள் ஆள் நிற்கிறான் என்பது தெரிந்துவிடும்.

2015 செப்டம்பரில் அந்த ஆட்கள் பனியை விட்டு வெளியே வந்தார்கள். மூணாறில் ஆயிரக்கணக்கான தோட்டப் பெண்கள், போனஸுக்காகவும் கூலிக்காகவும், நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். தங்கள் பெயரால் பேசிப் பழகிப்போயிருந்த தொழிற்சங்கத் தலைவர்களைப் பக்கத்தில் வர விடவில்லை. பெண்களே பேசினார்கள், தமிழில். 'பொம்பிளை ஒருமை' என்று பெயர். அந்தப் பெயரை எந்தப் புலவரும் வைத்திருக்க முடியாது. ஐந்து வருஷம் கழித்து, 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி ராத்திரி, ராஜமலைக்குப் பக்கத்தில் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் புதைந்தன. 70 பேர். பலருடைய பூர்வீகம் கயத்தாறு. அந்த அம்மா அந்தச் செய்தியை டி.வி.யில் மூன்று நாள் பார்த்துக்கொண்டிருந்ததாகவும், ஒன்றும் பேசவில்லை என்றும் நண்பர் சொன்னார். மூன்றாம் நாள், "லயம் அப்பிடியே நீளமாத்தான் வச்சிருந்திருக்காங்க, அந்தக் காலத்து மாதிரி" என்று மட்டும் சொன்னாராம்.

அவருக்குத் திரும்பிப் போக அங்கே வீடு இல்லை. எஸ்டேட்டில் வேலையிலிருந்து நின்றால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது விதி. அவருடைய அப்பா வேலை முடிந்து இறங்கியபோது கரிசல் கிராமத்திலும் வீடு இல்லை. அது எப்போதோ சித்தப்பா வகையறாவுக்குப் போய்விட்டது. கடைசி வருஷங்களைக் கோவில்பட்டியில் ஒரு வாடகைக் குச்சில் கழித்தார். நாம் 'சொந்த ஊர்' என்று சுலபமாகச் சொல்கிற சொல்லை அந்த அம்மா உபயோகித்து நான் கேட்டதில்லை. 'மேல' என்பார், 'கீழ' என்பார்.

மூடிய சாலையைத் திறக்கவேண்டும் என்று அவ்வப்போது குரல் எழும்புகிறது. மூணாறிலும் கேட்கிறார்கள், கொடைக்கானலிலும் கேட்கிறார்கள். லாட்ஜ்காரர்களுக்கு அதில் நியாயம் இருக்கலாம். நண்பரும் அந்தக் கட்சிதான். எனக்கு வேண்டாம் என்று படுகிறது. வாகன வரிசை பேரிஜம் சோலைக்குள் நின்று ஹாரன் அடிப்பதை என்னால் மனசில் கட்டிப் பார்க்க முடிகிறது, அதுவும் கிணறு, மதில் எதையும் விடாமல். யானையும் காட்டெருமையும் ஒரு தலைமுறைக்கு மேலாகத் தங்கள் பாட்டுக்கு நடக்கின்றன. தப்பி ஓடப் போட்ட சாலை, கடைசியில் அவற்றுக்குப் பிரயோஜனப்பட்டிருக்கிறது. இந்த விஷயத்தில் எங்களுக்குள் சமாதானம் ஏற்படவில்லை. படத்திலிருந்த பென்சில் கோட்டை அழிக்காமலும் மைக்கோடாக்காமலும் விட்டிருக்கிறோம்.

இப்போதைக்குத் திட்டம் இப்படி நிற்கிறது. சித்திரை இரண்டாம் வாரம், திங்கட்கிழமை, விடிகாலை 4 மணிக்குக் கிளம்புவது. கொடைக்கானலை விட்டுவிடுவது, இ-பாஸும் மிச்சம், அந்தக் கூட்டமும் மிச்சம். திண்டுக்கல்லில் முதல் ராத்திரி. மறுநாள் வத்தலக்குண்டில் டீ, மத்தியானத்துக்குள் போடி. அதன் பிறகு போடிமெட்டு ஏறி மூணாறு, அங்கிருந்து மறையூர், சின்னாறு வழியாக உடுமலைக்கு இறங்கி, பழனி வந்து திரும்புவது. வளையம் வேறு பக்கமாகச் சுற்றிக்கொள்கிறது. கிளட்ச் மாற்றியாகிவிட்டது.

போன வாரம் இதை அந்த அம்மாவிடம் படித்துக் காட்டினோம். நீங்களும் வரவேண்டும் என்று நண்பர் வற்புறுத்தினார். பெரிய காரில்லைதான், முன்சீட்டில் காலை நீட்டிக்கொள்ளலாம், தேவிகுளத்தில் ஒரு நாள் தங்கி லயத்தைத் தேடிப் பார்க்கலாம் என்றெல்லாம் சொன்னார். அவர் கொஞ்சநேரம் யோசித்தார்.

"மேல எனக்கு என்னத்த வச்சிருக்கு? நீங்க போயிட்டு வாங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "போடி வரைக்கும் வாரேன் தம்பி. குரங்கணியில என்னைய எறக்கி விட்டுருங்க. ஏறுற எடத்த அடியில இருந்து ஒருவாட்டி பாத்துக்கிடுதேன். மேல இருந்து பாத்தா அது தெரியாது" என்றார்.

போடியிலிருந்து குரங்கணி 16 கிலோமீட்டர். எங்கள் கார் அதற்கு மேல் ஏறாது, வந்த வழியேதான் திரும்ப வேண்டும். அவரைத் தனியாக விட்டுவிட்டு மூணாறு போகவும் முடியாது. இரண்டாம் நாள் சாயங்காலம் 4 மணிக்குக் குரங்கணி என்று எழுதியிருக்கிறோம். மூன்றாம் நாளுக்கு எழுதியிருந்ததை நண்பர் அடித்துவிட்டார். அந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறது.